மலையூர்களில் கணிப்பொறிப் பராமரிப்பு

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

உழவன் மாலையில் வீடு திரும்பும்போது மண்வெட்டியைக் கழுவித் துடைத்துச் சுவரோரம் சாத்தி வைக்கிறான். காப்பித் தோட்டத்தில் கவாத்துக் கத்தி பிடிக்கிறவன் அதற்கு எண்ணெய் தடவி உறையில் இடுகிறான். இவற்றை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கருவி கெட்டால் தொழில் கெடும் என்பது வழிவழியாக வந்த அறிவு.

அண்மை ஆண்டுகளில் நமது ஊராட்சி அலுவலகங்களுக்கும், படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கும் ஒரு புதிய கருவி வந்து சேர்ந்திருக்கிறது. அதுவே கணிப்பொறி. 2011ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணிப்பொறித் திட்டத்தின் மூலம் மலையூர் மாணவர் பலர் அதனைப் பெற்றனர். 2020 ஏப்ரல் 24ஆம் நாள், தேசிய ஊராட்சி நாளன்று, ‘இ-கிராம் ஸ்வராஜ்’ என்னும் கணக்கு முறை நாடு முழுவதற்கும் தொடங்கி வைக்கப்பட்டது. அதன்பின் ஊராட்சியின் திட்டங்களும் வரவு செலவுகளும் கணிப்பொறியின் வழியே நடைபெறலாயின. ஆனால் இக்கருவியைத் துடைத்துப் பேணும் பழக்கம் மட்டும் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. பழனி மலைப் பகுதியில் இதனை எவ்வாறு பேணுவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஓர் ஊராட்சியில் நேர்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன், மார்ச்சுத் திங்களின் கடைசி வாரம். கணக்காண்டு முடியும் வேளை. மலைமீதுள்ள ஓர் ஊராட்சியில் கணிப்பொறி கால் மணி நேரம் ஓடும். பிறகு தானே நின்றுவிடும். சற்று நேரம் கழித்து முடுக்கினால் மறுபடியும் ஓடும், மறுபடியும் நிற்கும். ஒவ்வொரு தடவையும் அப்போது பதிந்துகொண்டிருந்த விவரங்களை முதலிலிருந்து பதிய வேண்டியிருந்தது. மின்சாரத்தில் பழுது என்றார் ஒருவர். ‘வைரஸ்’ புகுந்துவிட்டது என்றார் மற்றொருவர்.

புதிதாக வீடு கட்டிய உழவர் ஒருவர் வரி இரசீது கேட்டு வந்தார். மின் இணைப்புக்கு மனுச் செய்ய அந்த இரசீது அவருக்கு வேண்டியிருந்தது. அவர் வாழ்வது ஊராட்சியைச் சேர்ந்த ஒரு குக்கிராமத்தில். ஜீப்பு கிடைத்தால் ஏறி வருவார். கிடைக்காவிடில் நடந்து வருவார். மூன்று நாள் வந்தார். மூன்று நாள் கூலியை இழந்தார். மூன்றாம் நாள் மாலை அவர் கேட்ட கேள்வி நமக்கு இன்றும் நினைவில் உள்ளது: “ஐயா, முன்னே கையால எழுதிக் கொடுத்தப்போ அன்னைக்கே கெடைச்சுதே?” அதற்கு நம்மிடம் விடை இல்லை.

சமவெளியிலிருந்து பழுது பார்ப்பவர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் காரணம் விளங்கிவிட்டது. உள்ளே விசிறியின் இதழ்களும், அதன் கீழிருந்த உலோக மடிப்புகளும் கண்ணுக்கே தெரியவில்லை. தூசியும் புகைக்கரியும் சிலந்தி நூலும் சேர்ந்து கம்பளித் துண்டுபோல் அவற்றை மூடியிருந்தன. இருபது நிமிடத் துடைப்பு வேலைக்குப் பின் பொறி நிற்காமல் ஓடிற்று. ஆயினும் திரும்பத் திரும்பச் சூடேறித் திடீரென நின்றதன் பயனாகச் சில வாரங்களில் அதன் வட்டும் பழுதாயிற்று. குடிநீர் இணைப்புப் பதிவேடு அதில்தான் இருந்தது. நகல் எடுத்து வைக்கப்படவில்லை. வீடு வீடாகச் சென்று அதனை மீண்டும் எழுத வேண்டியதாயிற்று.

இதில் நமது பிழையும் உண்டு. அதற்கு ஆறு திங்களுக்கு முன் அந்த அலுவலகத்தைப் பார்வையிட்டு, “கணிப்பொறி நல்ல நிலையில் உள்ளது” என்று குறிப்பெழுதிக் கையொப்பமிட்டவர் நாமே. திரையில் எழுத்துத் தெரிந்ததைப் பார்த்தோம். பெட்டியின் பின்புறத்தைப் பார்க்கவில்லை. அன்று ஐந்து நிமிடம் குனிந்து பார்த்திருப்போமாயின், ஓர் ஏழை உழவரின் மூன்று நாள் கூலி வீணாகியிராது.

சூடு எங்கிருந்து வருகிறது?

மின்விளக்கு மின்சாரத்தை ஒளியாக்குகிறது. நீர் இறைக்கும் மோட்டார் அதனைச் சுழற்சியாக்குகிறது. கணிப்பொறியோ தான் உட்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதையும் இறுதியில் வெப்பமாகவே வெளியிடுகிறது. மேசைக் கணிப்பொறி ஒன்று 100 வாட் மின்சாரம் கொள்ளுமாயின், பழைய 100 வாட் குண்டு விளக்கு ஒன்று மூடிய பெட்டிக்குள் இடையறாது எரிவதற்கு அது ஒப்பாகும். அந்தக் குண்டு விளக்கைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

கணிப்பொறிகளின் வரலாற்றிலும் வெப்பம் தொடக்கமுதலே பெருந்தொல்லையாக இருந்துள்ளது. 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்ட ‘எனியாக்’ என்னும் பொறியில் சுமார் 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அது ஒரு பெரிய கூடத்தையே அடைத்துக்கொண்டது. சுமார் 150 கிலோவாட் மின்சாரத்தை விழுங்கிற்று. அதன் வெப்பத்தைப் போக்கப் பெரிய காற்றூதிகள் இயங்க வேண்டியிருந்தது. இன்று அதனினும் பன்மடங்கு ஆற்றல் நம் மேசைமேல் ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கிவிட்டது. ஆயினும் வெப்பத்தை வெளியேற்ற வேண்டிய கடமை மட்டும் மாறவில்லை.

பெட்டிக்குள் மிகுதியாகச் சூடேறுவது செயலி என்னும் சில்லு. அது தீப்பெட்டியைவிடச் சிறியது. அதன்மேல் அலுமினியத்தாலோ செம்பாலோ ஆன மெல்லிய மடிப்புகள் கொண்ட உலோகக் கட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். இதனைக் கடைக்காரர்கள் ‘ஹீட் சிங்க்’ என்பர். சில்லின் சூடு மடிப்புகளில் பரவுகிறது. மேலுள்ள விசிறி அம்மடிப்புகளுக்கிடையே காற்றைச் செலுத்துகிறது. சூடேறிய காற்றைப் பெட்டியின் பின்புற விசிறி வெளியேற்றுகிறது. சில்லுக்கும் உலோகத்துக்கும் இடையே காற்று நுழையாதிருக்க ஒரு பசை தடவப்பட்டிருக்கும். சில ஆண்டுகளில் அது உலர்ந்து பயனற்றுப் போகும்.

இப்போது தூசியின் வேலையைப் பார்ப்போம். விசிறி காற்றை மட்டுமன்றி, காற்றில் மிதக்கும் துகளையும் உள்ளே இழுக்கிறது. துகள் மடிப்புகளுக்கிடையே படிந்து, காற்று செல்லும் வழியை அடைக்கிறது. வாய்க்காலில் சருகு அடைத்தால் கடைமடைக்கு நீர் எட்டாது என்பது போன்றதே இதுவும். மேலும் தூசி வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். குளிருக்கு நாம் கம்பளி போர்த்துவதைப்போல, அது செயலிக்குக் கம்பளி போர்த்திவிடுகிறது. செயலியின் சூடு சுமார் 100 டிகிரி செல்சியசை நெருங்கும்போது, பொறி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதற்கும் மேல் சூடேறினால் நின்றுவிடுகிறது. “கணிப்பொறி பழசாகிவிட்டது, மெதுவாக ஓடுகிறது” என்று நாம் கூறும் பல பொறிகளுக்குத் துடைப்பு ஒன்றே மருந்தாகும்.

“மலையில்தான் குளிர் உண்டே!”

சூட்டைப்பற்றிப் பேசத் தொடங்கியதும் மலையூர் அன்பர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. “பழனியிலும் ஒட்டன்சத்திரத்திலும் அல்லவா வெயில்? எங்களுக்கு ஏன் இந்தக் கவலை?” என்பர். கேள்வி நியாயமானதே. புறக்காற்று குளிர்ந்திருப்பது பொறிக்கு நன்மையே என்பதில் ஐயமில்லை. ஆயினும் நான்கு செய்திகளை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மெல்லிய காற்று. கோடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர், அதாவது 7,000 அடி உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மேலே சமைக்கும்போது பருப்பு வேகத் தாமதமாவது இக்காற்றழுத்தக் குறைவினால்தான். விசிறி ஒரு சுற்றில் தள்ளும் காற்றின் எடை குறைவதால், அது சுமந்து செல்லும் வெப்பமும் குறைகிறது. குளிர் தரும் நன்மையில் ஒரு பகுதியை மெல்லிய காற்று திரும்ப எடுத்துக்கொள்கிறது எனலாம்.

இரண்டாவது, மூடுபனி. வடகிழக்குப் பருவ காலத்தில் மேகம் சன்னல் வழியாக அறைக்குள்ளேயே புகுவதை நாம் அறிவோம். ஈரக்காற்று தூசியைக் களிம்பாக்கி உலோகத்தோடு ஒட்டச் செய்கிறது. ஈரம் ஏறிய தூசி சிறிதளவு மின்சாரத்தைக் கடத்தவும் வல்லது. நாளடைவில் தகட்டிலுள்ள செம்புக் கோடுகளைப் பச்சை பூக்கச் செய்யும்.

மூன்றாவது, புகை. பூம்பாறைப் பக்கத்தில் பூண்டைப் புகைபடும் இடத்தில் தொங்கவிட்டு வைப்பதுண்டு. புகை அதனைக் கெடாமல் காக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புகை நன்மை செய்யலாம். கணிப்பொறிக்கு அதுவே பகை. விறகுப் புகையில் எண்ணெய்ப் பசையுள்ள கரி இருக்கிறது. அது மடிப்புகளில் படிந்தால் ஊதினாலும் போகாது. அறைக்குள் கணப்பு மூட்டிக்கொண்டு கணிப்பொறியில் வேலை செய்வது கூடாது. மூடிய அறையில் கரிக்கணப்பு மனிதர் உயிருக்கே ஆபத்தானது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

நான்காவது, கம்பளி. குளிருக்கு அடக்கமாகக் கட்டிலில் அமர்ந்து, மடிமேல் கம்பளியை விரித்து, அதன்மேல் மடிக்கணிப்பொறியை வைத்துக்கொள்ளும் மாணவரை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறோம். மடிக்கணிப்பொறிகள் பலவற்றில் காற்று உள்ளே செல்லும் துளைகள் அடிப்புறத்தில் உள்ளன. கம்பளி அவற்றை அடைத்துவிடுகிறது. அதன் நூலிழைகளும் விசிறியில் போய்ச் சிக்குகின்றன. ஒரு மரப்பலகையோ பெரிய அட்டைப் புத்தகமோ அடியில் இருந்தால் இத்தீங்கு நேராது. பெற்றோர் பிள்ளைகளுக்கு இதனை எடுத்துரைக்க வேண்டும்.

வைக்கும் இடம்

கணிப்பொறிப் பெட்டியைத் தரையில் வைத்தல் ஆகாது. நடப்பவர் காலடியில் எழும் புழுதி முழங்கால் உயரத்துக்குள்தான் மிகுதி. ஆகவே மேசைமீதோ, குறைந்தது ஓரடி உயர முக்காலிமீதோ வைக்க வேண்டும். வாயிற்படிக்கு நேராகவும், மண்சாலையைப் பார்த்த சன்னலுக்கு அருகிலும் வைக்கலாகாது. பின்புறத்துக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருத்தல் நலம். மலையூர்ச் சுவர்கள் மழைக்காலத்தில் ஈரம் கசிவன. ஒட்டி வைத்தால் சூட்டோடு ஈரமும் சேரும்.

தூசி படாமலிருக்கப் பெட்டியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டியவாறே இயக்குவோரும் உண்டு. இது நோய்க்கு அஞ்சி மூச்சையே நிறுத்திக்கொள்வதற்கு ஒப்பாகும். ஓடும்போது திறந்த காற்றும், நிறுத்தி ஆறியபின் துணி உறையும் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது உறை போடுவதும், நிறுத்திய உடனே சூட்டோடு உறை போடுவதும் தவறு.

அறையை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டினால் புழுதி எழுந்து பொறிக்குள்ளேயே போய்ச் சேரும். ஆகவே கூட்டும்போது கணிப்பொறி நின்றிருக்க வேண்டும். பிழிந்த ஈரத்துணியால் தரையைத் துடைத்தல் இன்னும் நன்று.

துடைக்கும் முறை

ஆறு திங்களுக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து துடைக்க வேண்டும். மண்சாலையை ஒட்டிய அலுவலகங்களில் மூன்று திங்களுக்கு ஒருமுறை தேவைப்படலாம். பெட்டி இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருந்தால், திறக்குமுன் விற்றவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தேவையான பொருள்கள் மிகச் சில: ஒரு திருப்புளி, புதிய மென்மையான வண்ணத் தூரிகை ஒன்று, கையால் அழுத்திக் காற்றூதும் இரப்பர்க் குமிழ் அல்லது சிறு புளோயர், உலர்ந்த பருத்தித் துணி. வறண்ட நாளைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்; மூடுபனி நாளில் பெட்டியைத் திறக்கக் கூடாது.

1. கணிப்பொறியை முறைப்படி நிறுத்தி, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். யூ.பி.எஸ். இணைப்பையும் நீக்க வேண்டும். பின்பு முடுக்கும் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே தங்கிய மின்சாரம் பெரும்பாலும் வடிந்துவிடும். கால் மணி நேரம் ஆறவிடுக.

2. பெட்டியை வீட்டுக்கு வெளியே திண்ணைக்கு எடுத்துச் செல்க. உள்ளேயே ஊதினால் தூசி அறைக்குள்தான் திரும்பப் படியும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்க.

3. பக்கத் தகட்டைக் கழற்றியதும் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொடுக. நம் உடலில் தேங்கிய நிலைமின்னேற்றம் சில்லுகளைப் பழுதாக்க வல்லது. உலோகத்தைத் தொட்டால் அது நீங்கும். கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு இவ்வேலையில் இறங்குதல் நன்று.

4. விசிறியின் இதழை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு தூரிகையால் தூசியைத் தளர்த்துக. பிடிக்காமல் ஊதினால் விசிறி வெறிகொண்டு சுழன்று அச்சாணி கெடும். பிறகு உலோக மடிப்புகளுக்கிடையே உள்ளிருந்து வெளிப்புறமாக ஊதுக.

5. மின்கம்பி வந்து சேரும் தகரப் பெட்டியை, அதாவது எஸ்.எம்.பி.எஸ். என்பதை, எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. மின்கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதற்குள் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கக்கூடும். அதன் துளைகளை வெளியிலிருந்து ஊதினாலே போதும்.

6. தண்ணீரும் ஈரத்துணியும் உட்புறத்தில் படக்கூடாது. வாயாலும் ஊத வேண்டா; எச்சில் துளி தெறிக்கும். வீட்டைப் பெருக்கும் மின்உறிஞ்சியின் முனையை உள்ளே நுழைப்பதும் நன்றன்று. அதில் நிலைமின்னேற்றம் எழும்.

7. தகட்டை மறுபடி பூட்டி, முடுக்கியபின் எல்லா விசிறிகளும் சுழல்கின்றனவா என்று கையைப் பின்புறம் நீட்டிப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பான காற்று தடையின்றி வந்தால் வேலை முடிந்தது.

துடைத்த பின்னும் சூடு தணியாவிடில் பசை உலர்ந்திருக்கலாம், விசிறி தேய்ந்திருக்கலாம். இவற்றை மாற்றுவது பயிற்சி பெற்றவர் வேலை. மடிக்கணிப்பொறியின் உட்பகுதியையும் அவரிடமே விட்டுவிடுதல் நன்று. நாம் அதன் துளைகளை வெளியிலிருந்து துடைத்தால் போதும்.

ஈரத்தைக் காத்தல்

பல நாள் நின்று கிடக்கும் பொறியையே ஈரம் மிகுதியாகத் தாக்கும். ஓடும் பொறி தன் சூட்டினால் தன்னை உலர்த்திக்கொள்கிறது. ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வேலை இல்லாவிடினும் நாள்தோறும் அரை மணி நேரம் அதனை இயக்கி வைத்தல் நலம். இடி மின்னல் உள்ள வேளை மட்டும் இதற்கு விலக்கு. அப்போது மின்கம்பியையும் இணையக் கம்பியையும் பிடுங்கிவிட வேண்டும்.

மலையிலிருந்து வத்தலக்குண்டுக்கோ திண்டுக்கல்லுக்கோ மடிக்கணிப்பொறியை எடுத்துச் செல்வோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். குளிர்ந்த செம்பில் நீர் முத்துப்போல் பூப்பதைப் பார்க்கிறோமல்லவா? குளிர்ந்த பொறி சமவெளியின் வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்றைத் தொட்டால் அதன் உள்ளும் புறமும் அவ்வாறே நீர் பூக்கும். சேர்ந்த இடத்தில் பையைத் திறவாமல் ஒரு மணி நேரமாவது வைத்திருந்து, பிறகே முடுக்க வேண்டும்.

பொறி கெடினும் ஏடு கெடலாகாது

கோடைக்கானலில் 1899ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கமுதல் கதிரவனை நாள்தோறும் படமெடுத்துக் கண்ணாடித் தகடுகளிலும் படச்சுருள்களிலும் அங்கே சேமித்து வந்தனர். ஈரமும் தூசியும் நிறைந்த மலையில் அவற்றை நூறாண்டுக்கு மேல் காப்பது எளிய செயலன்று. தகட்டில் ஒட்டிய ஒரு துகள் கதிரவனின் கரும்புள்ளியோ என்று ஐயுறச் செய்துவிடுமன்றோ? அப்படங்கள் அண்மைக் காலத்தில் கணிப்பொறி வடிவிலும் ஆக்கப்பட்டு, உலகத்து அறிஞர் பலருக்குப் பயன்படுகின்றன. மூலமும் காக்கப்பட்டது, நகலும் உண்டாயிற்று. நமது ஊராட்சிகள் கற்க வேண்டிய பாடம் இதுவே. வாரந்தோறும் வெள்ளிக்கிழமை மாலை, ஊராட்சிப் பதிவுகளை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். நகல் இருந்திருந்தால், முன்கூறிய ஊராட்சி வீடு வீடாக அலைந்திராது.

ஊராட்சி செய்ய வேண்டுவன

இவ்வளவுக்கும் பெரும்பணம் தேவையில்லை. தூரிகையும் திருப்புளியும் வாங்க ஒரு சிறு தொகை போதும். தேவைப்படுவது பொறுப்பு ஒன்றே. எனவே ஒவ்வோர் ஊராட்சியும் அடுத்த கூட்டத்தில் மூன்று செய்திகளை முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒன்று, கணிப்பொறியைத் துடைக்கும் பொறுப்பு யாருடையது என்பது. இரண்டு, துடைத்த நாளைப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டிய அட்டையில் எழுதிக் கையொப்பமிடுவது. மூன்று, வாராந்தர நகலை யார் எடுப்பது, எங்கே வைப்பது என்பது.

பார்வையிட வரும் எம்போன்ற அலுவலர்களிடம் அந்த அட்டையைக் காட்டுங்கள். காட்டாவிடில் நாங்களே கேட்போம். விசிறியின் ஓசை முன்னைவிடப் பலமாகக் கேட்டாலும், பெட்டியின் மேற்புறம் கைபொறுக்காத சூடாக இருந்தாலும், பொறி காரணமின்றித் தானே நின்றாலும் அன்றே திறந்து பாருங்கள். மார்ச்சு மாதம் வரட்டும் என்று காத்திராதீர்கள்.

கணிப்பொறி அரசின் சொத்து என்று எண்ணி ஒதுங்க வேண்டா. அதற்குள் இருப்பது உங்கள் வீட்டு வரியும், உங்கள் தெருக் குழாயும், உங்கள் ஊர்ச் சாலையின் கணக்குமே ஆகும். அது ஒரு நாள் நின்றால், மலைச்சரிவில் மூன்று கல் நடந்து வந்த ஒருவர் வெறுங்கையோடு திரும்புகிறார். மண்வெட்டியைத் துடைத்து வைக்கும் அதே கை, ஆறு திங்களுக்கு ஒருமுறை இந்தப் பெட்டியையும் துடைக்குமாயின், அவர் அவ்வாறு திரும்ப நேராது.